கனவு நாடுகளும் கொடுங்கனவு நாடுகளும்: ஓர் இணையவழிப் பாடநெறி பற்றிய மதிப்புரை

இலக்கிய வகைமைகளை அறிமுகப்படுத்தும் இணையவழிப் பாடநெறிகள் பல உள்ளன. அவற்றுள், இலட்சியச் சமூகத்தைக் காட்டும் உட்டோப்பியப் புனைவையும், கொடுங்கனவான சமூகத்தைக் காட்டும் டிஸ்டோப்பியப் புனைவையும் மட்டுமே எடுத்துக்கொண்டு ஐந்து நூற்றாண்டுகளின் நூல்களை வரிசையாக வாசிக்கவைக்கும் பாடநெறி ஒன்றை அண்மையில் முழுவதுமாகப் படித்து முடித்தேன். குறைகள் சிலவற்றைச் சற்றுக் கடுமையாகவே சொல்லவேண்டியிருப்பதால், நடத்தும் நிறுவனத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் தவிர்க்கிறேன். இத்துறையில் கிடைக்கும் பாடநெறிகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ இதே நூல்களை இதே வரிசையில் நடத்துவதால், வேறொன்றைத் தேர்ந்தெடுக்க எண்ணுவோருக்கும் இது பயன்படக்கூடும். ஆசிரியர் நூலைக் கையில் எடுத்து வாசிக்கும்போதெல்லாம் பாடநெறி மிகச் சிறப்பாக இருக்கிறது. அந்த நூலுக்கு இலக்கணம் வகுக்கப் புகும்போதெல்லாம் தன் வாசிப்புக்குத் தானே எதிர்வழக்காடுகிறது.

அமைப்பு வழக்கமானதுதான். ஒவ்வொரு பகுதியிலும் சில காணொளி உரைகள், அவற்றின் எழுத்துப் படி, வாசிக்கவேண்டிய பக்கங்கள், தானியங்கித் திருத்தம் உள்ள ஒரு சிறு தேர்வு ஆகியவை இருக்கின்றன. இறுதியில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். உரைகள் அளவானவை, ஒலிப்பதிவு தெளிவானது, எழுத்துப் படியில் பிழைகள் குறைவு. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் பகுதியில் தாமஸ் மோர் 1516ஆம் ஆண்டில் இலத்தீனில் வெளியிட்ட ‘உட்டோப்பியா’ நடத்தப்படுகிறது. பொன்னால் மலக்கலங்களும் அடிமைகளின் விலங்குகளும் செய்யும் மக்கள், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே வேலை, பூட்டில்லாத வீடுகள், பத்தாண்டுகளுக்கு ஒருமுறை குடவோலை போட்டு வீடு மாற்றிக்கொள்ளும் வழக்கம் என்று எல்லோரும் சொல்லும் செய்திகளை ஆசிரியர் விரைவாகச் சொல்லிவிட்டு, பயணம் பற்றிய ஒரே பத்தியில் நெடுநேரம் நிற்கிறார். அந்நாட்டில் வேற்றூர் செல்ல விரும்புபவர், திரும்பவேண்டிய நாள் குறிக்கப்பட்ட அனுமதிக் கடிதத்தோடுதான் செல்லவேண்டும்; கடிதமின்றி எல்லை தாண்டிப் பிடிபட்டால் தப்பியோடியவராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவார்; இரண்டாம் முறை பிடிபட்டால் அடிமையாக்கப்படுவார். மதுக்கடை இல்லை, ஒளிந்து பேச மூலை முடுக்கு இல்லை, எல்லோரும் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் வாழ்கிறார்கள் என்பதை அந்த நாட்டைக் கண்டுவந்த பயணி பெருமையாகவே சொல்கிறான். ஆசிரியர் இவ்வரிகளை முதலில் பயணியின் குரலில், வியப்போடு வாசிக்கிறார்; பிறகு எந்தச் சொல்லையும் மாற்றாமல், கடிதம் மறுக்கப்பட்ட ஒருவன் வாசிப்பதுபோல் மீண்டும் வாசிக்கிறார். இந்தப் பாடநெறியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வகைமை பற்றி அடுத்தடுத்த உரைகளில் அவர் சொல்லும் பலவற்றைவிட, இந்த இரட்டை வாசிப்பு கூடுதலாகக் கற்றுத்தந்தது.

ஆனால் இதே பகுதியில் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. மோரின் நூல் இரண்டு பாகங்களைக் கொண்டது. தீவின் வருணனை முழுவதும் இரண்டாம் பாகத்தில் இருப்பதால், வாசிப்புப் பக்கங்களில் அது மட்டுமே தரப்பட்டுள்ளது. முதற்பாகம் அன்றைய இங்கிலாந்தைப் பற்றியது: பொது நிலங்களை வேலியிட்டு ஆட்டுக் கிடைகளாக்கியதால் உழவர்கள் துரத்தப்பட்டதும், பிழைக்க வழியின்றித் திருடியவர்களைத் தூக்கிலிட்டதும் அங்கேதான் விவாதிக்கப்படுகின்றன. அதைப் படிக்காமல் தீவுக்குள் நுழையும் மாணவருக்கு, அங்கே ஏன் தனிச்சொத்து இல்லை, பொன்னுக்கு ஏன் இவ்வளவு இழிவு என்பது ஒரு வினோதப் பழக்கமாகவே தோன்றும். உட்டோப்பியப் புனைவு எதிர்காலத்தைக் காட்டினாலும் தொலைதூரத் தீவைக் காட்டினாலும், தான் எழுதப்பட்ட காலத்தோடும் நாட்டோடும் நடத்தும் வழக்காகவே இருக்கிறது. அந்த வழக்கின் மனுவை எடுத்து வைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் வாசிக்கச் சொல்வது முறையாகாது.

இரண்டாம் பகுதிதான் வரையறைக்கான பகுதி. இடப்பக்கம் உட்டோப்பியாவின் பண்புகள், வலப்பக்கம் டிஸ்டோப்பியாவின் பண்புகள் என ஓர் அட்டவணை திரையில் வருகிறது. ஒருபுறம் சமத்துவம், அமைதி, நிறைவு, இயற்கையோடு இயைந்த வாழ்வு. மறுபுறம் கண்காணிப்பு, பரப்புரை, தனிமனித ஒடுக்குமுறை, தொழில்நுட்பத்தின் ஆதிக்கம். சற்று முன்னர்தான் மோரின் தீவில் கண்காணிப்பையும் பயணத் தடையையும் சொல் சொல்லாகக் காட்டிய அதே ஆசிரியர், இந்த அட்டவணையை எப்படி ஒப்புக்கொண்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. பகுதியின் முடிவில் உள்ள தேர்வில் ஒரு வினா இப்படி அமைகிறது: குடிமக்கள் அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், அரசு தரும் மருந்தை உட்கொள்கிறார்கள், குழந்தைகளைப் பெற்றோர் மட்டும் வளர்ப்பதில்லை, இது எந்த வகைமை? ‘டிஸ்டோப்பியா’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பச்சைக் குறி விழுகிறது. ‘இத்தகவல்களைக் கொண்டு சொல்ல இயலாது’ என்றொரு விடை அங்கே இல்லவே இல்லை.

அது இருந்திருக்க வேண்டும் என்பதற்கு ஆல்டஸ் ஹக்ஸ்லி ஒருவரே போதுமான சான்று. 1932ஆம் ஆண்டில் வந்த அவருடைய ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ நாவலில் சோமா என்ற மருந்து மக்களின் வருத்தங்களைத் துடைத்துவிடுகிறது. குழந்தைகள் குடுவைகளில் வளர்க்கப்படுகிறார்கள். தாய் என்ற சொல்லே ஆபாசமாகிவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1962இல், அவரே எழுதிய ‘ஐலண்ட்’ நாவலின் பாலா தீவிலும் மோட்ச மருந்து ஒன்று உண்டு. அங்கும் ஒரு குழந்தைக்குப் பெற்ற வீடு தவிர, பரஸ்பரத் தத்துச் சங்கத்தின் வழியாகப் புகலிடம் தரும் வேறு பல வீடுகளும் உண்டு. முந்தையது டிஸ்டோப்பியா, பிந்தையது உட்டோப்பியா. மருந்தும் குடும்பத்துக்கு வெளியிலான வளர்ப்பும் இரண்டுக்கும் பொது. சோமா மனிதரை உறங்கவைக்கிறது, மோட்ச மருந்து அவரை விழிக்கச் செய்கிறது. குடுவை பிறப்புக்கு முன்பே ஒருவரது இடத்தைத் தீர்மானிக்கிறது, தத்துச் சங்கமோ பிடிக்காத வீட்டிலிருந்து வெளியேறும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. அட்டவணை இவ்வேறுபாட்டைப் பிடிக்காது. பாடநெறியில் முதல் நாவல் விரிவாக நடத்தப்படுகிறது. இரண்டாம் நாவலின் பெயர் ஓர் இடத்தில் வந்துபோகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க வைத்திருந்தால் மேற்சொன்ன வினாவை யாரும் எழுதத் துணிந்திருக்கமாட்டார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் கம்பர் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். நாட்டுப் படலத்தில் கோசலத்தைப் பாடும்போது, அங்கே வறுமை இல்லாததால் வள்ளன்மை இல்லை, பகைவர் இல்லாததால் வலிமைக்கு வேலையில்லை, பொய் இல்லாததால் உண்மை என்று தனியே ஒன்று இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நற்பண்புகள் விளங்கவேண்டுமென்றால் அவற்றுக்கு எதிரான குறை ஒன்று உலகில் இருந்தாகவேண்டும் என்பதைப் புகழ்ச்சியின் போக்கிலேயே அவர் சொல்லிவிடுகிறார். ஹக்ஸ்லியின் முதல் நாவலில் உலகக் கட்டுப்பாட்டாளர் முஸ்தபா மோண்டு, வெளியிலிருந்து வந்த இளைஞனோடு நடத்தும் நீண்ட வாக்குவாதத்தில், ஒழுங்காக அமைந்த சமூகத்தில் வீரத்துக்கும் மேன்மைக்கும் தேவையே எழாது என்று சொல்வதும் கருத்தளவில் இதேதான். கம்பரில் அது ஒரு நாட்டின் மகுடம்; ஹக்ஸ்லியில் அதே கூற்று வாசகரின் முதுகுத்தண்டில் குளிரைப் பாய்ச்சுகிறது. இரண்டுக்கும் இடையில் மாறியிருப்பது அந்த நாட்டின் நிலைமையன்று, அதைச் சொல்பவரும் கேட்பவரும் நிற்கும் இடம். கோசல வருணனை உட்டோப்பியப் புனைவாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: அந்நாடு எப்படி நிறைவடைந்தது, எந்தச் சட்டம் வறுமையைப் போக்கியது, யார் உழுதார்கள், யார் பகிர்ந்தளித்தார்கள் என்ற கேள்விகளை அது எழுப்புவதில்லை. மோர் முதல் இன்றுவரை இவ்வகைமையின் அடையாளமே அந்த ஏற்பாடுகளைப் பற்றிய விவரப் பசிதான்.

எனவே வகைமையை அறிய, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, யார் கண்ணால் காட்டப்படுகிறது என்று பார்ப்பது பயன் தரும். இதை ஒரு கொள்கையாகப் பாடநெறி அறிவிக்கவில்லை. ஆனால் யெவ்கெனி ஸம்யாதினின் ‘நாம்’ நாவலை நடத்தும் பகுதியில் செய்து காட்டிவிடுகிறது. பழைய உட்டோப்பியப் புனைவு ஒரு வருகையில் தொடங்கும்: கப்பல் கவிழ்ந்தோ நெடுந்துயில் கொண்டோ ஒருவன் வேற்றுநாட்டை அடைவான், உள்ளூர்க்காரர் ஒருவர் அவனை அழைத்துச் சென்று சந்தையையும் பள்ளியையும் நீதிமன்றத்தையும் காட்டுவார், அவன் கேட்பான், அவர் விளக்குவார். டிஸ்டோப்பியப் புனைவில் வருகை இருப்பதில்லை. கதை தொடங்கும்போதே நாயகன் உள்ளே இருக்கிறான். அவனுக்கு எல்லாம் இயல்பாகவே படுகிறது. விளக்க ஆளில்லாததால் வாசகரே துப்புத் துலக்கவேண்டியிருக்கிறது. ஸம்யாதினின் நாயகன் டி-503 ஒரு பொறியாளன். கண்ணாடிச் சுவர் கொண்ட அறையில் வசிக்கிறான். உடலுறவுக்கு அரசு தரும் அனுமதியான இளஞ்சிவப்புச் சீட்டு கிடைக்கும் நேரத்தில் மட்டுமே அவன் திரையை இறக்கிக்கொள்ளலாம். பிற கோள்களின் மக்களுக்குத் தன் அரசின் பெருமையைத் தெரிவிக்கும் பொருட்டு அவன் குறிப்பேடு எழுதத் தொடங்குகிறான். அதாவது உட்டோப்பியா எழுதுவதாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறான்.

அந்தக் குறிப்பேட்டின் தொடக்கப் பக்கத்தையும் நடுப்பக்கம் ஒன்றையும் இறுதிப் பக்கத்தையும் ஆசிரியர் திரையில் அருகருகே வைக்கிறார். தொடக்கத்தில் வாக்கியங்கள் கணிதச் சமன்பாடுபோல் கச்சிதமாக இருக்கின்றன. காதல் வந்தபின் முற்றுப்பெறாத தொடர்களும் கோடுகளும் பெருகுகின்றன. கற்பனையை அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் எழுதப்படும் கடைசிக் குறிப்பில் அமைதி திரும்பிவிடுகிறது. தான் நேசித்த பெண் வதைக்கப்படுவதைத் தெளிவான, பிசகில்லாத வாக்கியங்களில் அவன் எழுதிவைக்கிறான். கொடுமையை நடையே சொல்லிவிடும்போது கதைச்சுருக்கம் தேவையில்லாமல் போகிறது. 1920–21இல் எழுதப்பட்ட இந்த நாவல் 1924இல் ஆங்கிலத்தில் வந்தது என்பதும், ஆசிரியரின் சொந்த நாட்டில் 1988 வரை வெளிவரவே முடியவில்லை என்பதும், அவரே கப்பல் கட்டும் பொறியாளர் என்பதும் வேறு எங்காவது வெறும் தகவல்களாக நின்றிருக்கும்; நடையைப் பார்த்த பிறகு கேட்கும்போது அவை ஒட்டிக்கொள்கின்றன.

அண்டை வகைமைகளைப் பிரித்துக்காட்டும் உரை சுருக்கமானது, ஆனால் நல்லது. பேரழிவுக்குப் பிந்தைய உலகைக் காட்டும் கதைகளை எல்லாம் டிஸ்டோப்பியா என்று அழைக்கும் பழக்கம் திரைப்பட விளம்பரங்களால் பரவிவிட்டது. நகரங்கள் இடிந்து, சட்டம் மறைந்து, மிஞ்சியவர்கள் உணவுக்கு அடித்துக்கொள்ளும் கதையில் ஒழுங்கே இல்லை. டிஸ்டோப்பியாவிலோ ஒழுங்கு மட்டுமீறி இருக்கிறது. இரண்டும் ஒரே நூலில் கலக்கலாம் என்றாலும், அச்சத்தின் ஊற்று வேறு. அதேபோல், எந்த இலட்சியச் சமூகமும் கேட்டில்தான் முடியும் என்று வாதாடும் நூலையும், இந்தக் குறிப்பிட்ட சமூகம் கெட்டது, வேறொன்று சாத்தியம் என்று சொல்லும் நூலையும் ஆசிரியர் பிரிக்கிறார். டிஸ்டோப்பியா என்றால் நம்பிக்கையின்மை என்று எண்ணும் மாணவருக்கு இந்தப் பிரிவினை மிகவும் தேவை. எச்சரிக்கை செய்பவர், தப்ப வழியுண்டு என்று நம்புவதால்தானே எச்சரிக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கான பகுதியில், நூல்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்வது காட்டப்படுகிறது. எட்வர்ட் பெல்லமியின் ‘லுக்கிங் பேக்வர்டு’ 1888இல் வெளிவந்தது. அதன் நாயகன் 1887இல் உறங்கி 2000ஆம் ஆண்டில் விழிக்கிறான். நாடே ஒரே பெரிய தொழிற்படையாக மாறியிருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் அனைவருக்கும் ஓய்வு. வேலையிலிருந்து விடுபடுவதே இன்பம் என்ற இந்தக் கருத்தைப் பொறுக்காத வில்லியம் மோரிஸ், 1890இல், வேலையே இன்பமாக அமைந்த ஒரு நாட்டை எழுதினார். இருவரும் சமத்துவம் வேண்டியவர்கள். ஒருவரின் இலட்சிய நாட்டில் மற்றவரால் ஒரு வாரம்கூட இருந்திருக்க முடியாது. இங்கே ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ சிறுகதையையும் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. 1905இல் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அக்கதையில் ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்கப் பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்து நாட்டை நடத்துகிறார்கள். அதன் கேலி நுட்பமானது: ஆண்களின் அந்த நிலை வாசகருக்கு அநியாயமாகப் பட்டால், அதே நிலையில் அப்போது இருந்தவர்கள் யார் என்ற கேள்வி தானாக எழும். ஆசிரியர் இதை விளக்காமல் விட்டது நல்ல முடிவு. ஆனால் கதைக்கு ஒதுக்கப்பட்ட நேரம் பெல்லமிக்குத் தந்ததில் சிறு பகுதியே.

ஆர்வெல் பகுதி எதிர்பார்த்ததைவிடச் சுமார். 1949இல் வந்த ‘நைன்டீன் எய்ட்டி-ஃபோர்’ பற்றிக் கண்காணிப்புத் திரை, பெரிய அண்ணன், வெறுப்பு நேரம் என எல்லோருக்கும் தெரிந்தவையே மீண்டும் வருகின்றன. நாவலின் முடிவில் உள்ள பிற்சேர்க்கை, அந்த ஆட்சி புகுத்தும் செயற்கை மொழியான புதுமொழியைப் பற்றி இறந்தகாலத்தில், இயல்பான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதுபவர் அந்த ஆட்சிக்குப் பின்னர் வாழ்பவராக இருக்கவேண்டும் என்றொரு வாசிப்பு உண்டு. மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலும் 2195ஆம் ஆண்டில் நடக்கும் ஆய்வரங்கக் குறிப்புகளோடு முடிகிறது. கொடுங்கோலாட்சி வீழ்ந்துவிட்டது என்பதை அங்கே வெளிப்படையாகவே அறிகிறோம், கூடவே அந்த ஆட்சியில் அடிமைப்பட்டுத் தன் கதையைச் சொல்லிவைத்த பெண்ணின் துயரத்தைப் பேராசிரியர்கள் நகைச்சுவையாக்குவதையும் காண்கிறோம். இரண்டு நாவல்களும் பாடத்தில் இருக்கின்றன. இரண்டு பிற்சேர்க்கைகளும் வாசிப்புப் பக்கங்களில் இல்லை. டி-503இன் கடைசிப் பக்கத்தை அவ்வளவு கவனமாக வாசித்தவர், இந்தக் கடைசிப் பக்கங்களை எப்படித் தவறவிட்டார்!

உர்சுலா லெ குவின் 1974இல் எழுதிய ‘தி டிஸ்பொஸஸ்ட்’ நாவலுக்கான பகுதியில் பாடநெறி மீண்டும் நிமிர்கிறது. ஒரு சுவரோடு தொடங்கும் அந்நாவலில், சுவர் எதை அடைக்கிறது என்பது நிற்கும் பக்கத்தைப் பொறுத்தது: விண்கலத் தளத்தைச் சுற்றி எழுந்த அது உலகைத் தளத்திலிருந்து பிரிக்கிறதா, அல்லது அனாரெஸ் என்ற அந்தக் கோள் முழுவதையுமே சிறைப்படுத்துகிறதா? சொத்தும் சட்டமும் இல்லாத அனாரெஸ் சமூகத்தில் அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயமே சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதையும், இயற்பியலாளன் ஷெவெக்கின் ஆய்வில் மூத்தவர் ஒருவர் தன் பெயரையும் சேர்த்துக்கொள்வதையும் ஆசிரியர் எடுத்துக்காட்டுகிறார். குறையுள்ள, தன் குறையைத் தானே ஆராயும் உட்டோப்பியா என்ற இந்தப் பிற்கால வடிவத்தை இரண்டாம் பகுதியின் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் வைக்க முடியாது. அட்டவணையை அவர் இங்கே குறிப்பிடாமலே கடந்துபோகிறார்.

நூல்தேர்வு பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுதப்பட்டவையோ ஆங்கிலத்தில் நெடுங்காலம் பேசப்பட்டவையோதான் இதில் இடம்பெற்றுள்ளன. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டியிருக்கும் நாட்டை, வாயாடி இயந்திர நாய் ஒன்றின் துணையோடு சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் சொன்னதைத் தொடர்கதையாகவே படித்து வளர்ந்தவர்கள் நம்மிடையே பலர், இந்த வகைமை வெகுசன இதழ்களில் எப்படி வேர்பிடித்தது என்பது தனியாகப் படிக்கத்தக்கது. ஒரே பாடநெறியில் எல்லா மொழிகளும் வரவேண்டும் என்று கேட்கவில்லை. ‘உலக இலக்கியம்’ என்ற சொல்லை அறிமுக உரையிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.

ஏற்கெனவே இரண்டு மூன்று நாவல்களையாவது படித்திருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். புதிதாக வருபவர்கள் இரண்டாம் பகுதியைத் தள்ளிவைத்து, மோர், ஸம்யாதின், லெ குவின் ஆகிய மூன்று பகுதிகளையும் முதலில் முடித்துவிட்டுப் பிறகு அதற்குத் திரும்புவது நல்லது. அப்போது அட்டவணையோடு சண்டையிடப் போதிய ஆயுதம் கையில் இருக்கும். மோரின் முதற்பாகம் இணையத்தில் பழைய மொழிபெயர்ப்புகளாகக் கிடைக்கிறது, அதைத் தனியே படித்துக்கொள்ளவேண்டும். சிறு தேர்வுகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இறுதிக் கட்டுரைக்கான பணி மட்டும் உண்மையிலேயே நல்ல பணி: பாடத்தில் வந்த ஏதேனும் ஓர் இலட்சிய நாட்டை எடுத்து, அங்கே மனக்குறையோடு வாழும் ஒருவரின் ஒரு நாளை எழுதவேண்டும், மூல நூலில் இல்லாத எந்தச் சட்டத்தையும் புதிதாகச் சேர்க்கக்கூடாது. அதற்கு எனக்கு வந்த கருத்துரை இரண்டே வரிகள், பெரிதும் பாராட்டு. எங்கே மூலத்தை மீறியிருக்கிறேன் என்று யாராவது பென்சிலால் கோடிட்டுக் காட்டியிருந்தால், செலுத்திய கட்டணம் முழுவதும் அதற்கே தகும் என்று சொல்லியிருப்பேன்.